காலையில் மட்டும் உதறிய கார்

குன்னூரில் மார்கழியிலும் தையிலும் விடியற்காலை வெப்பநிலை 10 டிகிரிக்கு அருகிலோ அதற்குக் கீழேயோ இறங்குவது வழக்கம். இரவெல்லாம் வெளியே நின்ற எங்கள் பெட்ரோல் காரை அந்தக் குளிரில் ஸ்டார்ட் செய்தால், முதல் சில நிமிடங்களுக்கு அது உதறும். செல்ஃப் அடித்ததும் என்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகுதான் தொல்லை. என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 500க்கும் 900க்கும் இடையே ஏறி இறங்கும், கியர் லீவர் நடுங்கும், முன்னால் குழியில் போட்டு வைத்த சில்லறை சலசலக்கும், ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டால் பல நாள் வண்டி அணைந்தே போகும். சற்றுச் சூடாகிவிட்டால் போதும், அப்படி ஒரு கோளாறு இருந்த சுவடே இருக்காது. அதன் பிறகு நாள் முழுவதும் ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம், 750இல் அசையாமல் நிற்கும், ஏற்றத்தில் பிக்கப் குறையாது, மைலேஜும் வழக்கம்போலவே இருக்கும்.

வண்டி 2014ஆம் ஆண்டு மாடல். 1,200 சிசி, நான்கு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கத் தனி இன்ஜெக்டர், தீப்பொறி தரும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனி காயில். உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் இதில் கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் அளந்து சொல்ல, அதை வைத்துக் கணினி காற்றின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும் வகை. இந்த விவரங்கள் பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட கோளாறைப் பட்டறைக்குக் கொண்டுபோவதில் அடிப்படையான ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டறை திறப்பதே ஒன்பதரை மணிக்குத்தான். நாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பார்க்கும் நேரத்தில் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு நாம் சொன்ன அடையாளங்களை வைத்து அனுபவத்தில் ஊகித்து, பொதுவாகப் பழுதாகும் பொருள்களை வரிசையாக மாற்றத் தொடங்குவார். எங்கள் வண்டிக்கும் அதுவே நடந்தது. நான்கு பிளக்குகளும் மாறின, ஏர் ஃபில்டர் மாறியது, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்தார்கள், இன்ஜெக்டர்களையும் எடுத்துச் சுத்தம் செய்து போட்டார்கள். காலை உதறல் அப்படியே இருந்தது. அடுத்ததாகப் பெட்ரோல் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தபோது, இனி ஊகத்துக்குச் செலவழிக்காமல் அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

மாற்றிய பழைய பிளக்குகளை நான் தூக்கிப் போடவில்லை. அவற்றைக் கையில் வைத்துப் பார்த்ததில் ஒரு செய்தி கிடைத்தது. நான்கின் பீங்கான் முனையும் ஒரே மாதிரி இளம் பழுப்பாக இருந்தன. பெட்ரோல் அதிகமாகப் போயிருந்தால் புகைக்கரி படிந்திருக்கும். எப்போதும் குறைவாகவே போயிருந்தால் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் இருந்திருந்தால் அந்த ஒன்று மற்ற மூன்றிலிருந்து வேறுபட்டிருக்கும். ஆகவே, சூடான நிலையில் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில்தான் கலக்கின்றன, நான்கு சிலிண்டர்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது தெளிவு. தவறு குளிர்ந்த நிலைக்கு மட்டும் உரியது; அதுவும் நான்குக்கும் பொதுவானது. பட்டறையில் பொருளை மாற்றக் கொடுக்கிறவர்கள் பழைய பிளக்குகளை, எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்ற குறிப்போடு, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பிளக் எந்தத் தகவலும் தராது.

குளிர்ந்த நிலையில் என்ஜினுக்கு என்ன தேவை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாக வேண்டும். குளிர்ந்த இன்டேக் சுவரிலும் வால்வின் முதுகிலும் படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் அங்கேயே ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, முதல் சில நிமிடங்களுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்க வேண்டும். அம்பாசடர் காலத்தில் ஓட்டுநர் சோக்கை இழுத்துச் செய்த வேலை இதுதான். இப்போது அதைக் கணினி செய்கிறது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முடிவு செய்ய அது முதன்மையாக நம்பியிருப்பது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை. அதோடு ஐட்லிங்கையும் 1,200 முதல் 1,500 வரை ஏற்றி வைத்து, என்ஜின் சூடாகச் சூடாகப் படிப்படியாக இறக்கும். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சூடேறி வேலை செய்யத் தொடங்கும் வரை, தெளித்த அளவு சரியா தவறா என்று கணினிக்குத் திருப்பிச் சொல்ல யாரும் இல்லை. மெக்கானிக்குகள் ஓபன் லூப் என்று சொல்லும் இந்த இடைவெளியில் கணினி தன்னிடமுள்ள அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் விழித்துக்கொண்டதும் க்ளோஸ்டு லூப். அப்போது சிறுசிறு தவறுகளைக் கணினி தானே திருத்திக்கொள்ளும். காலையில் உதறிவிட்டுப் பிறகு தானாகச் சரியாகும் வண்டியில், தவறு பெரும்பாலும் அந்த ஓபன் லூப் நேரத்தில் யாரோ கணினிக்குக் கொடுத்த தவறான செய்தியில் இருக்கும், அல்லது குளிரில் மட்டும் திறந்து சூட்டில் மூடிக்கொள்ளும் ஏதோ ஒரு சந்தில் இருக்கும்.

எங்கள் வண்டியில் காலை நேரத்து ஐட்லிங் 1,200க்கு ஏறவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உதறலைக் கவனித்தோமே தவிர, ஏற வேண்டிய ஆர்பிஎம் ஏறவில்லை என்பதை யாரும் ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரிய தடயம். வெளியே 10 டிகிரி இருக்கும்போது என்ஜின் சூடான வண்டியின் ஐட்லிங்கில் ஓட முயல்கிறது என்றால், தான் ஏற்கெனவே ஓரளவு சூடாக இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகி ப்ளூடூத் வழியாகக் கைபேசியில் படிக்கும் சிறிய ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கினேன். ஸ்கேனர் என்றதும் எல்லோரும் பிழைக் குறியீடு தேடுவார்கள்; எங்கள் வண்டியில் ஒரு குறியீடும் இல்லை, செக் என்ஜின் விளக்கும் எரிந்ததில்லை. குறியீடு இல்லை என்பதற்குக் கோளாறு இல்லை என்று பொருளாகாது. ஒயர் அறுந்துபோனாலோ ஷார்ட் ஆனாலோ சென்சாரின் அளவு நம்ப முடியாத எல்லைக்குப் போகும், அப்போது விளக்கு எரியும். நம்பத்தகுந்த எல்லைக்குள்ளேயே ஒரு சென்சார் தவறாகச் சொன்னால், பெரும்பாலான பழைய கார்களின் கணினி அதைக் கேள்வி கேட்காது.

ஆகவே, நேரலை அளவுகளைப் பார்த்தேன். இதில் முக்கியமான முறை ஒன்று உண்டு. வண்டி இரவு முழுவதும், குறைந்தது எட்டு மணி நேரமாவது, நின்றிருக்க வேண்டும். காலையில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டும். செல்ஃப் அடிக்கக் கூடாது. அந்த நிலையில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் தண்ணீரும் காற்றும் உலோகமும் ஏறக்குறைய ஒரே குளிரில்தான் இருக்கும். இரண்டு எண்களுக்கும் இடையே மூன்று நான்கு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. எங்கள் வண்டியில் காற்று 11 டிகிரி என்று காட்டியது. கூலண்ட் 31 டிகிரி என்று காட்டியது. பானெட்டைத் திறந்து என்ஜின் தலையில் கை வைத்தால் ஐஸ்போல் சில்லிட்டது.

அதே திரையில் இன்னும் இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டேன். என்ஜின் ஓடாத நிலையில் மேப் சென்சார் 81 கிலோபாஸ்கல் காட்டியது. சமவெளிக்காரர்கள் இதைப் பார்த்துப் பதற வேண்டாம். கடல் மட்டத்தில் 100க்குச் சற்று மேல் காட்டும் அளவு, 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் இப்படித்தான் இருக்கும். மேனிஃபோல்டின் வெற்றிட அளவைக் காட்டும் வாக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். சமவெளியில் 18 அங்குலம் காட்டினால் என்ஜின் நலம் என்று புத்தகத்தில் இருக்கும். மலையில் ஏறக்குறைய ஆறு அங்குலம் குறைவாகவே காட்டும். அது என்ஜினின் குற்றமல்ல. இரண்டாவது அளவு, நன்றாகச் சூடான பிறகு பார்த்த ஃப்யூல் ட்ரிம், அதாவது க்ளோஸ்டு லூப்பில் கணினி பெட்ரோல் அளவில் செய்துகொள்ளும் திருத்தம். நீண்டகாலத் திருத்தம் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. பம்ப் பலவீனமோ, இன்ஜெக்டர் அடைப்போ இருந்திருந்தால் கணினி 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பம்ப்பை மாற்றும் யோசனை அந்த ஒரு எண்ணோடு முடிந்தது.

சென்சார் 20 டிகிரி கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அதே சென்சார் சூடான என்ஜினில் சரியான அளவைத்தான் காட்டியது. ரேடியேட்டர் ஃபேன் உரிய நேரத்தில் ஓடியது. காலையில் பொய்யும் மதியம் உண்மையும் சொல்லும் சென்சார் எப்படி இருக்க முடியும்? இதற்கு விடை அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அதற்குள் இருப்பது தெர்மிஸ்டர். குளிரில் அதன் மின்தடை அதிகம், சூட்டில் குறைவு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 10 டிகிரியில் ஏறக்குறைய 3.8 கிலோ ஓம், 20 டிகிரியில் 2.5, 30 டிகிரியில் 1.7 என்று இறங்கி, 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு வந்துவிடும். இப்போது, சென்சாரின் உடல் வழியாகக் கூலண்ட் துளித்துளியாகக் கசிந்து, இணைப்பின் இரண்டு ஊசிகளுக்கும் இடையே ஈரமாகத் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கூலண்ட் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். தெர்மிஸ்டருக்குப் பக்கத்தில் 3 கிலோ ஓம் அளவில் இன்னொரு குறுக்குப் பாதை உருவாகிவிடுகிறது. 10 டிகிரியில் 3.8 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 3 கிலோ ஓம் சேர்ந்தால் கணினிக்குத் தெரிவது 1.7 கிலோ ஓம். அது 30 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். 80 டிகிரியில் 320 ஓமுக்குப் பக்கத்தில் அதே 3 கிலோ ஓம் சேர்ந்தாலும் 290 ஓமுக்குச் சற்று அருகில்தான் வரும். மூன்று டிகிரி வேறுபாடு, யாருக்கும் தெரியாது. குளிர் எவ்வளவுக்கெவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பொய்யும் பெரிதாகும். கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் இரவு தங்கிய காலைகளில் வண்டி உதறாததன் காரணமும் இதுதான்: அங்கே பொய்யின் அளவு சிறியது, 24 டிகிரிக் காற்றில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் என்ஜின் சமாளித்துக்கொள்ளும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 முதல் பங்க்குகளில் படிப்படியாக வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் குளிரிலும் ஆவியாகிவிடும். எத்தனாலின் கொதிநிலையோ 78 டிகிரி. ஆவியாவதற்கு அது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பமும் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல். எரிய வேண்டிய காற்றின் விகிதமும் வேறு என்பதால், அதே காற்றுக்குச் சற்று அதிக எரிபொருள் தேவைப்படுகிறது. க்ளோஸ்டு லூப்பில் கணினி இதைத் தானே திருத்திக்கொள்ளும். குளிர்ந்த முதல் நிமிடங்களில் திருத்தாது. காலை உதறலுக்கெல்லாம் எத்தனால்தான் காரணம் என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் வேறொரு சிறு கோளாறு ஏற்கெனவே இருக்கும் வண்டியில் அதைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியை அது குறைத்துவிடுகிறது என்று சொல்லலாம்.

சந்தேகம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், பொருளை வாங்குவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்களுக்குப் பழக்கமான இளம் மெக்கானிக் ஒருவரிடம் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். "அண்ணா, நாளைக்குக் காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வீட்டுக்கே வந்துடறேன்" என்றார். "தம்பி, வரும்போது மல்டிமீட்டரும், 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணும் கொண்டு வாங்க" என்றேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. உடலில் ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று கோடுகளும், ஓரத்தில் தங்கநிறக் கோடும் இருக்கும்.

ஆறரை மணிக்கு வந்தார். என்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்குப் பக்கத்தில், என்ஜின் தலையின் ஓரத்தில் சென்சார் இருந்தது. பூட்டை அழுத்திக் கனெக்டரை இழுத்ததும் அதன் உட்புறத்தில் ஒரு ஊசியின் அடியில் பச்சை நிறத்தில் உலர்ந்த பொருக்கும், அதற்குக் கீழே பிசுபிசுப்பான ஈரமும் தெரிந்தன. விரலால் தொட்டுத் தேய்த்தால் கூலண்டுக்கே உரிய வழுவழுப்பு இருந்தது. கனெக்டர் கழன்ற நிலையில் ஸ்கேனர் கழித்தல் 40 என்று காட்டியது. இதற்குப் பொருள், ஒயரும் கணினியும் நன்றாக இருக்கின்றன என்பது. எங்காவது ஒயரிலேயே குறுக்குப் பாதை இருந்திருந்தால் இந்த அளவு வந்திருக்காது. பிறகு சென்சாரின் இரண்டு ஊசிகளிலும் மீட்டரை வைத்தோம். 1.7 கிலோ ஓமுக்கு அருகில் காட்டியது. சில்லிட்டிருந்த என்ஜினில் அது அவ்வளவு குறைவாக இருக்க வழியே இல்லை.

அடுத்தது ரெசிஸ்டர் சோதனை. அதன் இரண்டு கால்களையும் வளைத்து, ஒயர் பக்கக் கனெக்டரின் இரண்டு துளைகளிலும் மெதுவாகச் செருகினோம். திரையில் கூலண்ட் 9 டிகிரி என்று வந்தது. செல்ஃப் அடித்தார். என்ஜின் ஒரே பிடியில் பிடித்து 1,400க்கு ஏறி அங்கேயே நின்றது. கியர் லீவர் நடுங்கவில்லை. "அட, இவ்வளவுதானாண்ணா!" என்றார் அவர். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டோம். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடக் கூடாது. என்ஜின் எவ்வளவு சூடானாலும் கணினிக்கு 9 டிகிரி என்றே தெரிந்துகொண்டிருக்கும், ஃபேன் ஓடாது, என்ஜின் தலையே (ஹெட்) வளைந்துபோகும் அபாயம் இருக்கிறது. கனெக்டரின் துளையை அகலப்படுத்திவிடாத அளவுக்கு மெல்லிய கால்களாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். துளை விரிந்தால் பிறகு ஊசி இறுக்கமாகப் பிடிக்காமல் வேறொரு கோளாறு தொடங்கும்.

மாற்றும் வேலை சிறியது. சென்சாரின் விலையும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. என்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் மட்டுமே செய்ய வேண்டும். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவித்தோம். பிறகு பழையதைக் கழற்றிய கையோடு புதியதைப் பொருத்தினால் ஒரு டம்ளர் அளவுக்கு மேல் கூலண்ட் கொட்டாது. புதிய சென்சாரோடு வந்த புதிய வாஷரையே போட வேண்டும். நசுங்கிய பழைய வாஷர் மறுபடியும் சரியாக அடைக்காது. அலுமினியத் தலையில் பித்தளை மரை ஏறுகிறது என்பதால், கையால் பல சுற்று ஓட்டிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும், அளவுக்கு மேல் இறுக்கவும் கூடாது. ஒயர் பக்கக் கனெக்டரைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, முழுவதும் உலரவிட்டோம். இதைச் செய்யாமல் சென்சாரை மட்டும் மாற்றினால், கனெக்டரில் மிச்சமிருக்கும் ஈரமே புதிய சென்சாரையும் பொய் சொல்ல வைத்துவிடும். கடைசியாக, கொட்டிய அளவுக்கு அதே வகைக் கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். மலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதன் விளைவாக உள்ளே படியும் துருவும் உப்பும் சென்சாரின் உலோகத்தையும் தின்கின்றன.

மறுநாள் காலை கூலண்ட் 11, காற்று 12. ஸ்டார்ட் செய்ததும் 1,350இல் நின்று, சில நிமிடங்களில் மெல்ல இறங்கியது. பெரிய உதறல் போய்விட்டது. ஆயினும், சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் ஒரு முறை சற்றுத் தாழ்ந்து எழும் ஒரு சிறு குறை மிச்சமிருந்தது. திராட்டில் பாடியைத் துடைப்பதற்கு முன்பு இது இல்லை. திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபோது கரி படிந்த பழைய நிலைக்கு ஏற்பக் கணினி கற்று வைத்திருந்த அளவை யாரும் அழிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். கணினி அந்த அளவைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஐடில் லேர்னிங்கை ஸ்கேனர் வழியாகச் செய்ததும் அது நின்றது. எந்த வண்டிக்கு எந்த முறை என்பது மாறுபடும் என்பதால், திராட்டில் பாடியைத் துடைக்கக் கொடுக்கும்போதே இதையும் செய்து தரச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

இதே வேளையில் தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டி ஓவர்ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. சமவெளி வெயிலில் அதன் தீமை உடனே தெரியாமல் போகலாம். மலையிலோ, தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் முழுச் சூட்டுக்கு வர மிகவும் தாமதமாகும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது மறுபடியும் ஆறிப்போகும். கூடுதல் பெட்ரோலை நிறுத்த வேண்டிய நேரத்தில் கணினி தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி என்ஜின் ஆயிலோடு கலக்கும். பழைய வண்டியை வாங்குகிறவர்கள் ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலை ஏறும் விதத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். 80க்கு மேல் ஏறி ஏறக்குறைய நிலையாக நின்றால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. 60, 65இலேயே தயங்கிக்கொண்டிருந்தால் ஒன்று அது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

காலை உதறலுக்கு எல்லா வண்டியிலும் சென்சார்தான் காரணம் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பிறகு நான் உடனிருந்து பார்த்த வேறு இரண்டு வண்டிகளைப் பற்றியும் எழுதுகிறேன். கோத்தகிரியில் நண்பர் ஒருவருடைய கார், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள வகை. காலையில் இரண்டு வெப்பநிலைகளும் ஒத்திருந்தன. ஆர்பிஎம்மும் 1,300க்கு ஏறியது. ஆனால் அங்கே நிற்காமல் அலைந்தது. பானெட் பக்கம் காதைக் கொடுத்தால் மெல்லிய உஸ் என்ற ஒலி கேட்டது. சூடான பிறகும் ஐட்லிங்கில் நீண்டகாலத் திருத்தம் 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2,500 ஆர்பிஎம்மில் வைத்தபோது 3 சதவீதத்துக்குக் குறைந்தது. மீட்டரைத் தாண்டிய இடத்தில் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே சான்று: ஐட்லிங்கில் மொத்தக் காற்று குறைவு என்பதால் கசிவின் பங்கு பெரிது, வேகம் கூடும்போது அதே கசிவு பொருட்டாகத் தெரிவதில்லை. எங்கள் வண்டிபோல் மேப் சென்சார் மட்டும் உள்ளவற்றில் இந்த அடையாளம் இவ்வளவு தெளிவாக வராது. அவற்றில் கசிவு பெரும்பாலும் ஐட்லிங்கை ஏற்றிவிடும். அந்தக் கோத்தகிரி வண்டியில் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டின் ரப்பர் கேஸ்கெட் கல்போல் இறுகியிருந்தது. குளிரில் சுருங்கி வழிவிட்டு, சூட்டில் பெருமளவு அடைத்துக்கொண்டது. கார்ப் கிளீனரைச் சந்தில் சிறிதளவு அடித்தபோது ஆர்பிஎம் மாறியதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தோம். இது எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, எக்ஸாஸ்ட் பக்கம் படாமல், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை.

இன்னொரு வண்டியின் கதை இவ்வளவு மலிவாக முடியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடத்துக்கு மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். பிறகு முற்றிலும் சீராகிவிடும். ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் (சரியாக எரியாமல் தவறுவது). காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டும், பிளக்கை ஒன்றாவதற்கு மாற்றிப் போட்டும் குறியீடு மூன்றாவதை விட்டு நகரவில்லை. குளிர் காலையில் எக்ஸாஸ்டில் வெண்ணிற ஆவி வருவது எல்லா வண்டிக்கும் இயல்பு. சிறிது நேரத்தில் மறைந்துவிடும். இதிலோ புகை கலையாமல் தரையோடு தொங்கியது, அதில் கூலண்டின் இனிப்பான வாடையும் இருந்தது. வெளியே எங்கும் கசிவு இல்லாமலேயே ரிசர்வாயரில் கூலண்ட் குறைந்துகொண்டிருந்தது. மாலையில் ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி இரவு முழுவதும் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மூன்றாவது பிளக்கைக் கழற்றிச் சிறிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார் மெக்கானிக். பிஸ்டனின் தலையில் கூலண்ட் தேங்கியிருந்தது. நிற்கும் நேரத்தில், என்ஜின் தலைக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக ஊறிய கூலண்ட்தான் முதல் சில சுழற்சிகளுக்கு அந்தச் சிலிண்டரை எரிய விடாமல் தடுத்திருக்கிறது. இப்படி ஒரு சந்தேகம் வந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். தேங்கும் அளவு கூடினால் செல்ஃப் அடிக்கும்போதே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்த வண்டியின் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, புதிய கேஸ்கெட்டும் புதிய ஹெட் போல்ட்டுகளும் போட்டார்கள். செலவு சென்சாரின் விலையைப்போல் பல மடங்கு ஆனது. ஆனாலும் காலையில் பார்த்ததால் வேறு எந்தப் பொருளையும் வீணாக மாற்ற வேண்டியிருக்கவில்லை.